வட்டியில்லாக் கடனும் செல்வியக்காவின் கோழிகளும்

கோழிகளை யாரும் உச்சி வெயிலில் கூப்பிடமாட்டார்கள். விடியக் கூடு திறக்கும்போது கூப்பிடுவார்கள், பொழுதுபட அடைக்கும்போது கூப்பிடுவார்கள். ஆகவே மத்தியான நேரம், ரோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கை பிரிகிற முனையிலிருந்து செல்வியக்காவின் "பா... பா... பா..." என்ற குரல் கேட்டால், பூவரசங்குளத்தில் எங்கள் ஒழுங்கைச் சனம் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். மோட்டார்சைக்கிளில் லோன்காரன் வருகிறான்.

அன்றைக்கு நான் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் இருந்த கறியைக்கூட இறக்கவில்லை.

"எழும்படி! பின்னால ஓடு!" என்றவர், என்னை முந்திக்கொண்டு பக்கத்து வளவுக் கிணற்றடிக்குப் பாய்ந்துவிட்டார். எனக்கு மிஞ்சியது ஆட்டுக்கொட்டில்தான்.

பட்டம் பெற்றவள் நான். கொழும்பில் கறுப்புக் கவுணும் தொப்பியும் போட்டுப் படமெடுத்தவள். அந்தப் படம் விறாந்தைச் சுவரில் தொங்கியது. படத்திலிருந்தவள் ஆட்டுப் புழுக்கைக்குமேல் குந்தியிருந்தாள், பக்கத்தில் நின்ற கறுப்பாடு அவளுடைய சிவப்பு ஷோலின் தலைப்பை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. இழுத்தால் ஆடு கத்தும். விட்டால் ஷோல் போகும். ஷோலை விட்டேன்.

வந்தவர் படலையைத் திறந்து உள்ளே வந்தார். மாமர நிழலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். வெள்ளைச் சேர்ட், வியர்வை, கையில் ஒரு பை. எல்லா லோன்காரரும் அப்படித்தான் இருப்பார்கள்.

"வீட்டில ஆரும் இருக்கிறியளோ?"

கறி அடிப்பிடிக்கிற மணம் மட்டும் பதில் சொன்னது.

அவர் விறாந்தைப் பக்கம் வந்தார். சுவரில் தொங்கிய என் படத்தைப் பார்த்து, ஒரு ஆளுடன் கதைப்பதுபோலவே சொன்னார்: "தங்கச்சி, நான் காசு கேக்க வரேல்லை. உங்களுக்கு ஒரு நல்ல விசயம் சொல்லத்தான் வந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லா லோன்காரரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

போன கிழமை இந்தப் பத்தியில் கொழும்பு போடிங் வீட்டுச் சோற்றைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அதெல்லாம் சரி தங்கச்சி, அந்தச் சோத்துக்கும் படிப்புக்கும் ஆர் காசு கட்டினது?" நியாயமான கேள்வி. இந்தக் கிழமை அதற்கான பதிலைத்தான் எழுதுகிறேன். அந்தப் பதில் ஆட்டுக்கொட்டிலில் தொடங்குகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

கோழி கொழுத்த காலம்

லோன்காரருக்கு ஒளிப்பதை நாங்கள் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்து, காடு பிடித்துக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கி முடிய, நுண்கடன் கொடுக்கிறவர்கள் வந்தார்கள். கோழி வளர்க்கக் கடன், தையல் மெசினுக்குக் கடன், கிணறு இறைக்கக் கடன். ஒழுங்கையிலிருந்த பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருவருக்கு ஒருவர் பிணை என்று கையெழுத்து வாங்கினார்கள்.

கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். மழை பிந்தினாலும் கட்ட வேண்டும், நெல்லைப் பன்றி உழக்கினாலும் கட்ட வேண்டும். முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், இரண்டாவதைக் கட்ட இன்னொரு இடத்தில் மூன்றாவது. வட்டி குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டது.

சந்தியில் சின்னக் கடை வைத்திருக்கிற செல்வியக்காவுக்குத்தான் அந்தக் கோழி யோசனை வந்தது. அவருடைய கடையைத் தாண்டாமல் ஒருவரும் எங்கள் ஒழுங்கைக்குள் வர முடியாது. சும்மா கூப்பிட்டால் லோன்காரனுக்குச் சந்தேகம் வரும் என்று, ஒவ்வொரு முறையும் உண்மையாகவே ஒரு பிடி அரிசி எறிவார். அந்த ஆண்டுகளில் நாங்கள் எல்லோரும் மெலிந்தோம், செல்வியக்காவின் கோழிகள் மட்டும் கொழுத்துப்போயின.

போகப்போக, அந்தக் கோழிகள் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே அரிசிக்கு ஓடிவரத் தொடங்கிவிட்டன. கோழி ஓடுவதைப் பார்த்துச் சனம் ஓடும். மீன்காரர் பாவம், மோட்டார்சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார், ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. கடைசியில் அவர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்.

சிரித்துச் சொல்கிறேன். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வேலைக்குப் போனாள், கடன் அடைக்க. அவள் ஏறிப்போன வான் வண்டிக்குப் பின்னால் அந்தப் பிள்ளை அழுத அழுகையை நினைத்தால் எனக்கு இப்பவும் கோபம் வரும். ஒளித்து விளையாடினோம் என்று யாரும் எங்களை நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

"வட்டி இருக்கோ?"

என்னுடைய கடன் வேறு சாதி. பள்ளிக்கூடக் கடைசிச் சோதினையான ஏ.எல்.லில் நான் பாஸ். ஆனால் அரசாங்கக் கம்பஸுக்கு எடுபடப் புள்ளி கொஞ்சம் போதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் என்று ஒன்று இருந்தது. தனியார் கம்பஸில் படிக்கலாம், காசை வங்கி நேரே கம்பஸுக்குக் கட்டும். படித்து முடிந்து கொஞ்சக் காலம் சும்மா விடுவார்கள். அதற்குச் சலுகைக் காலம் என்று பெயர். அதற்குப் பிறகு மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும்.

எல்லாம் நல்லது. ஆனால் நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் போய்ப் பிணை நில்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவோடு படித்த வாத்தியார் ஒருவர், "மனுசி விரும்பமாட்டா" என்றார். மனுசியிடம் கேட்டால், "அவர் விரும்பமாட்டார்" என்றார். அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற உறவுக்காரர் ஒருவர் எங்களைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். போன் அடிக்கவேயில்லை.

அந்த நேரத்தில்தான் ஹஸீனா மிஸ்ஸி வந்தார். மிஸ்ஸி எங்கள் பகுதி மருத்துவமாது. ஸ்கூட்டரில் தராசுப் பையைக் கொழுவிக்கொண்டு வீடு வீடாய் வந்து, பிள்ளைகளை நிறுத்து, வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு ஏசி, சத்துமா கொடுத்துவிட்டுப் போவார். தொண்ணூறுகளில் குடும்பத்தோடு புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கேயே படித்து வேலையும் எடுத்து, யுத்தம் முடிந்த பிறகு தங்களுடைய வளவுக்குத் திரும்பி வந்தவர்.

செல்வியக்காவின் பேத்தியை நிறுத்துக்கொண்டே, அம்மாவின் புலம்பல் முழுவதையும் கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வட்டி இருக்கோ ராசாத்தி?"

"இல்லை மிஸ்ஸி. ஒரு சதம் இல்லை."

"வட்டி எண்டா எங்கட மார்க்கத்துக்கு ஆகாது, நான் தொடவும் மாட்டன். வட்டி இல்லையெண்டா கொண்டாங்க, வக்கிறன்."

அவ்வளவுதான். அடுத்த கிழமை வவுனியாவுக்கு வந்து கையெழுத்து வைத்தார். அம்மா கும்பிடப் போனபோது, கும்பிட்டது போதும், இவளுக்கு இரும்புச்சத்துக் குறைவு, முருங்கையிலை கொடு என்றார்.

அம்மாவின் கணக்கு

நான் படித்து முடித்து வந்த நேரம் பாருங்கள், நாடு படுத்துவிட்டது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. கொழும்பில் ஆட்களை வேலைக்கு எடுக்கிறதை விட்டு, இருக்கிறவர்களை நிற்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியையும் படத்தையும் கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பட்டதாரிகளுக்கு அரசாங்க வேலை வரப்போகிறது என்று ஒரு கதை ஊருக்குள் எப்போதும் உலாவும். அதை நம்பி இருந்தேன். வவுனியாவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் பில் அடிக்கிற வேலை வந்தபோது, அம்மா "சீ" என்றார். நானும் உள்ளுக்குள் "சீ" என்றேன்.

சலுகைக் காலம் முடிந்தது. வங்கியிலிருந்து கடிதங்கள் வந்தன. அம்மா அவற்றைத் திறந்து, பார்த்து, ஒழுங்காக அடுக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். எனக்குப் பயம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

"எடி, வட்டி இல்லையெல்லோ? பிறகென்னத்துக்குப் பயப்பிடுறாய்? இது மலட்டு ஆடு. கொட்டில்ல நிண்டால் நிக்கட்டும். பெருகாது."

இதை நீங்கள் முட்டாள்தனம் என்று நினைக்கக் கூடாது. எங்கள் ஒழுங்கைக்குக் கடன் என்றால் வட்டிதான். வட்டிதான் பேய், வட்டிதான் எங்களைத் தின்றது. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று வந்ததும், பல்லுப் பிடுங்கின பாம்பென்று முடிவுகட்டிவிட்டோம். வேறு இடத்துச் சனமென்றால் இந்தப் பிழையைச் செய்திருக்காது.

அம்மா ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். நுண்கடனில் பிணை நின்றவர்களும் நாங்கள்தான், ஒளித்தவர்களும் நாங்கள்தான். எல்லோருமாகச் சேர்ந்து ஒளித்தோம். இந்தக் கடனில் பிணை நின்றவர் ஒருவர், ஸ்கூட்டரில் பகிரங்கமாய் ரோட்டில் திரிகிறவர், ஒளிக்க வழியில்லாத அரசாங்கச் சம்பளக்காரர். அவரைப் பற்றி நாங்கள் யோசிக்கவேயில்லை.

டெங்குக்குப் பயந்த சனம்

ஆட்டுக்கொட்டில் சம்பவத்துக்குப் பிறகு சில நாள் கழித்து, காலையில் ஒழுங்கையில் பெரிய அமளி. கோழி கூப்பிடுகிற சத்தம் இல்லை. செல்வியக்கா வேலிக்கு மேலால் சொல்லி அனுப்பிய செய்தி வீடு வீடாய்ப் பறந்து வந்தது: "மிஸ்ஸியோட சுகாதாரக்காரர் ஒராள் வாறார்! டெங்குச் செக்கிங்!"

மிஸ்ஸியின் ஸ்கூட்டர் முன்னால், ஒரு மோட்டார்சைக்கிள் பின்னால். அப்படி வந்தால் அது சுகாதாரப் பரிசோதகர்தான் என்பது செல்வியக்காவின் தீர்மானம். ஒருவரும் ஓடவில்லை. மாறாக எல்லோரும் முற்றத்துக்கு வந்து, சிரட்டைகளைக் கவிழ்த்து, பழைய டயர்களிலிருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கையில் சிரட்டையோடு படலையடியில் நின்றார். நான் அப்போதுதான் முழுகிவிட்டுத் தலையில் துவாயோடு வந்தேன்.

"எங்கட வளவில ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை சேர்," என்றார் அம்மா.

"நான் பாங்கில இருந்து வாறன் அம்மா," என்றார் மோட்டார்சைக்கிளில் வந்தவர்.

அம்மாவின் கையிலிருந்த சிரட்டை விழுந்தது. அவர் மிஸ்ஸியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்தத் தங்கச்சி காட்டிக்கொடுத்தால்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

"என்னைப் பாக்காத ராசாத்தி," என்றார் மிஸ்ஸி. "அந்தத் தம்பி வெயிலுக்குள்ள வந்து வந்து போகுது. ஒரு கதிரையைப் போடு. பிளேன்ரீ வை."

வந்தவருக்குப் பெயர் ரமணன், வங்கியில் கடன் பகுதி உத்தியோகத்தர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தேநீரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "தங்கச்சி, அந்தச் சிவப்பு ஷோலை ஆடு முழுக்கச் சாப்பிட்டுட்டுதோ?" என்று கேட்டார்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நான் காசு கேக்க வரேல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான்," என்றார் ரமணன். "கட்டேலாமல் இருக்கிற பிள்ளையளுக்கு இப்ப வழி விட்டிருக்கினம். மாசக் கடைசியோட முடியுது. அதைச் சொல்லத்தான் அலைஞ்சனான்."

பிறகு விரலை மடித்து விளங்கப்படுத்தினார். வழி இரண்டு. முதலாவது, வேலையில்லை என்று கிராம சேவகரின் கடிதத்தோடு எழுதிக் கொடுத்தால், சலுகைக் காலத்தை நீட்டித் தருவார்கள். அதுவரை ஒன்றும் கட்டத் தேவையில்லை. இரண்டாவது, கடனைத் திரும்பப் பிரித்துப்போடுவது. பிந்தியதற்கான தண்டத்தைக் கழித்துவிடுவார்கள், மாதத் தவணை சின்னதாகும், வருசம் கூடும். ஆனால் அடுத்த மாதமே கட்டத் தொடங்க வேண்டும். எந்த வழிக்கும் பிணையாளி புதிதாக ஒரு கையெழுத்து வைக்க வேண்டும்.

"முதலாவது!" என்றார் அம்மா, அவர் முடிக்கும் முன்பே. "முதலாவதைப் போடுங்கோ தம்பி. வேலை வரட்டும், கட்டுவம்."

ரமணன் மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"அதுதான் நல்லம். அதைப் போட்டு விடுங்க தம்பி. எனக்கு அங்கால ஒரு பிள்ளை நிறுக்கிற வேலை கிடக்கு."

ஸ்கூட்டர் சத்தம் தேயும் வரைக்கும் ரமணன் வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதை நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டாம் எண்டு அவாவும் சொன்னவா. மிஸ்ஸி தன்ர வீட்டுக்குக் கூரை போட எங்கட பாங்கில வட்டியில்லாப் பிரிவில கேட்டவா. மரமும் ஓடும் பாங்க் வாங்கிக் குடுத்து, பிறகு தவணையில கழிக்கிறது. எல்லாம் சரி. ஆனால் உங்கட கடனுக்குப் பிணை நிண்டு, அது கட்டுப்படாமல் கிடக்கெண்டு கம்பியூட்டரில காட்டுது. நிப்பாட்டிப்போட்டினம்."

"எப்ப?" என்று கேட்டேன்.

"போன மாரி மழைக்கு முதல்."

"முதலாவது வழியைப் போட்டா?"

"நிண்டது நிண்டபடி கிடக்கும். ரண்டாவதைப் போட்டு, கொஞ்ச மாசம் ஒழுங்காக் கட்டினால் அவாவின்ர பேர் தெளியும்."

அம்மா குனிந்து விழுந்த சிரட்டையை எடுத்தார். என் தலையிலிருந்த துவாய் தோளில் விழுந்து கிடந்தது. எனக்கு வெட்கமாயிருந்தது, ஆட்டுக்கொட்டிலில் இருந்ததைவிடப் பெரிய வெட்கம்.

இழுத்த கட்டில்

பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியின் வீட்டுக்குப் போனேன். வீட்டை ரோட்டிலிருந்து எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. சுவர்கள் எழும்பி, பூச்சும் பூசி, ஜன்னல் நிலைகள் வைத்து முடிந்திருந்தது. மேலே ஆகாயம். ஒரு அறைக்கு மட்டும் தறப்பாளும் தகரமும் போட்டு அதற்குள் மிஸ்ஸியும் கணவரும் இருந்தார்கள். கணவர் ஓட்டோ ஓடப் போயிருந்தார்.

மழை தூறத் தொடங்கியது. என்னைக் கண்டதும் மிஸ்ஸி வா என்றுகூடச் சொல்லவில்லை, "அந்தக் கால்மாட்டைப் பிடி மகள்" என்றார். கட்டிலை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு இழுத்தோம். கட்டில் நின்ற இடத்தில் டக் டக்கென்று சொட்டு விழுந்தது. அதற்கு ஒரு வாளி வைத்தார். எந்தச் சொட்டுக்கு எந்த வாளி என்று அவருக்குப் பாடம்.

"ஏன் மிஸ்ஸி எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ என்ன செய்வாய்? இன்னொருக்கா ஆட்டுக்கொட்டிலுக்குள்ள ஓடுவாய்."

நான் சிரிக்கவில்லை. "கோவம் வரேல்லையோ மிஸ்ஸி?"

"ஏன் வராது? நல்லா வந்தது." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் இருந்தார். "போன மாரி முழுக்க இந்தக் கட்டிலை அங்க இழுத்து இங்க இழுத்து, ஒவ்வொரு இழுவைக்கும் உன்ர பேரைச் சொல்லித்தான் இழுத்தனான். பிறகு உன்ர வீட்டுப் பக்கம் வந்தா, நீ முகம் செத்துப்போய் இருப்பாய். வேலையில்லாத பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது எண்டு விட்டிட்டன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மிஸ்ஸி அழவிட்டுவிட்டு, போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் விடிய அந்த சுப்பர்மார்க்கெட்டுக்குப் போன் எடுத்தேன். இடம் இன்னும் இருந்தது.

அம்மா போர் தொடுத்தார். "பட்டம் எடுத்த பிள்ளை பருப்புக்கும் சவர்க்காரத்துக்கும் பில் அடிக்கிறதோ? ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்று குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். வயலிலிருந்து வந்த அப்பா, கை கால் கழுவிக்கொண்டு, "காணுற ஆக்கள் சாமான் வாங்கட்டும்" என்று மட்டும் சொன்னார். எங்கள் அப்பா அவ்வளவு நீளமாகப் பேசுவதே அபூர்வம்.

வங்கிக்கு மிஸ்ஸி வெள்ளைச் சீருடையோடு நேரே வேலையிலிருந்து வந்தார். இரண்டாவது வழிக்கான தாள்களை ரமணன் எடுத்து வைத்தார். வருசம் கூடியிருந்தது. அத்தனை வருசத்துக்கும் மிஸ்ஸி பிணை.

"மிஸ்ஸி, வேண்டாமெண்டால் நாங்கள் வேற ஆளைத் தேடுறம்," என்றேன். வேறு ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"புத்தளத்துக்கு நாங்க போய் இறங்கின நேரம், எங்களிட்ட உடுத்த உடுப்புத்தான்," என்றார் மிஸ்ஸி, பேனையைத் தேடிக்கொண்டே. "எங்கட வாப்பாவை முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர், பக்கத்துக் கடைக்காரனிட்டச் சொன்னவர், இவருக்கு அரிசி குடு, நான் பொறுப்பு எண்டு. அவர் எங்கட முகத்தைக்கூடச் சரியாப் பாக்கேல்லை. உன்ர முகத்தை நான் எத்தினை வருசமாப் பாக்கிறன். எங்க வக்கிறது தம்பி, இங்கயோ?"

வைத்தார்.

மாதக் கடைசிகள்

பிறகு நான் பில் அடித்தேன். பாஸ்மதி அரிசிக்கும் பம்பர்ஸுக்கும், பரிசுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கும், மீதிக்கு ரொபி இனிப்பு வேண்டாம் சில்லறைதான் வேண்டும் என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கும் அடித்தேன். என்னோடு படித்தவர்கள் வந்தால் முதலில் குனிந்துகொள்வேன். கொஞ்ச நாளில் நானே, "என்னடா, பை கொண்டு வரேல்லையோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டேன்.

சம்பளம் கையில் வந்த அன்றே தவணை கட்டுவேன். கட்டிவிட்டு வரும்போது முதல் சில மாதம் வயிறு எரியும். பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. அம்மாவும் அலுமாரிக்கு மேல் இருந்த கடிதங்களை எடுத்து அடுப்பு மூட்டினார்.

இதை வாசிக்கிற பிள்ளைகளில் என்னைப்போலக் கடன் எடுத்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்வேன், உபதேசம் என்று எடுக்க வேண்டாம். ஒளிக்காதீர்கள். கட்ட முடியாவிட்டால் கட்ட முடியாது என்று போய்ச் சொல்லுங்கள், சொன்னால் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள், கெடு எப்போது முடிகிறது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வழியைப் பிடித்தால் எனக்குக் கையெழுத்து வைத்த ஆளுக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. கேட்காததால் ஒரு மனுசி ஒரு மாரி முழுக்கக் கட்டில் இழுத்தார்.

வயலில் வெட்டு முடிந்து, நெல் விற்ற காசோடு சனம் கடைக்கு வருகிற காலம். என் வரிசையில் கூட்டம். பால்மாப் பெட்டியும் ஒரு சவர்க்காரமும் கொண்டு மிஸ்ஸி வந்து நின்றார்.

"மகள், உனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தினை மணிக்கு விடுவினம்?"

"ஏன் மிஸ்ஸி?"

"பாங்க் வரைக்கும் ஒருக்கா வரோணும். கூரை சரிவந்திட்டுது."

நான் பால்மாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற ஒருவர், "தங்கச்சி, கதையைப் பிறகு கதையுங்கோ" என்றார்.

"சந்தோசம் மிஸ்ஸி. ஆனால் நான் என்னத்துக்கு?"

"என்ர அவர் ஓட்டோக்காரர், அவரைப் பிணைக்கு எடுக்க மாட்டினமாம். எங்கட கூடப்பிறந்த காக்கா ஒருத்தர் நிக்கிறார். இன்னும் ஒராள் வேணும், சம்பளச் சீட்டோட."

"மிஸ்ஸி, நானே கடன்காரி!"

"ஒழுங்காக் கட்டுற கடன்காரி எண்டு அந்தத் தம்பிதான் உன்ர பேரைச் சொன்னது. மனேச்சர் கொஞ்சம் யோசிச்சவராம். பிறகு ஓமெண்டிட்டார். ஏன், பயமோ?"

சாப்பாட்டு நேரத்தில் போனோம். சாப்பாட்டுப் பெட்டி என் பைக்குள்ளேயே இருந்தது. ரமணன் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார், எங்கே கையெழுத்து என்று பென்சிலால் காட்டினார். நான் பேனையை எடுத்ததும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனிதர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"இதை நான் கட்டாயம் கேக்கவேணும் தங்கச்சி. இவா கட்டாட்டில் உங்கட சம்பளத்தில பிடிப்பம். விளங்குதோ?"

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடியுங்கோ," என்றேன்.